தேர் நிலைக்கு வரும்வரை

ஏப்ரல் 27, திங்கள்

திருச்சியில் ஏறியதிலிருந்து இந்த பஸ்ஸில் மூன்று தடவை இடம் மாறி உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் ஓரம் வெயில், நடுவில் காற்று இல்லை, கடைசி சீட்டில் குலுக்கல். திண்டுக்கல் தாண்டியதும் கண்டக்டர் சொல்லியேவிட்டார். "ஐயா, ஒரு எடமா உக்காருங்க. உங்களுக்கு டிக்கெட் கொடுத்தேனா இல்லையான்னு எனக்கே குழப்பமா இருக்கு."

அவர் மேல் தப்பில்லை. முப்பத்தாறு வருஷம் மின்வாரியத்தில் வீடு வீடாக ரீடிங் எடுத்த கால் இது. எந்த வீட்டிலும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நின்றதில்லை. ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் காலுக்கு அது தெரியவில்லை.

தேனிப் பக்கம் முத்தாலங்கோட்டைக்குப் போகிறேன். மச்சினன் போசு போனில் கூப்பிட்டான், தேர் பார்க்க வாங்க மாமா என்று. தேருக்காகத்தான் போகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன். இந்த நோட்டில் எதற்குப் பொய்? என் பெண்சாதி பவளத்தைக் கூட்டிவரப் போகிறேன். "தம்பி வீட்டுல நாலு நாள் இருந்துட்டு வாரேன்" என்று மார்ச் எட்டாம் தேதி கிளம்பியவள். நாலு நாள் ஐம்பது நாளாகிவிட்டது. போன் செய்தால் எடுப்பதில்லை.

பிப்ரவரியில் அவளுக்கு ஆபரேஷன். வயிற்றில் கட்டி. நல்லவேளை, கெட்ட கட்டி இல்லை. அன்று ஐந்து மணி நேரம் நான் ஆஸ்பத்திரியில் இல்லை. மருந்துக் கடை வரிசையில் நின்றேன் என்று அவளிடம் சொன்னேன். பிறகு என் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்தாளாம். ஒரு துண்டுச் சீட்டுக்காக யாராவது வீட்டை விட்டுப் போவார்களா?

மூன்று நாள் போதும். பேசி, சமாதானம் செய்து, வியாழக்கிழமை திரும்பிவிடலாம்.

ஏப்ரல் 28, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

நேற்று ராத்திரி நான் வந்து சேர்ந்தபோது பவளம் தூங்கிவிட்டாள். காலையில் போசு கோயிலுக்குக் கூட்டிப் போனான். முத்தாலம்மன் கோயிலில் இரண்டு வரிசை. ஒன்று தெருமுனை வரை நீண்டு கிடந்தது. இன்னொன்றில் ஈர வேட்டியோடு ஒரு முப்பது பேர்தான். எது சின்ன வரிசையோ அதில் நிற்பதுதானே புத்திசாலித்தனம்? போசு செருப்பை விட்டுவிட்டு வருவதற்குள் பூசாரியிடம் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

"பதினஞ்சு நாளும் இருப்பீகள்ல?" என்றார் பூசாரி. பின்னால் ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தார். "இருப்பேன், இருப்பேன், கட்டுங்க" என்று கையை நீட்டினேன். "வேண்டுதலை மனசுல நெனைச்சுக்கங்க" என்றார். சீக்கிரம் முடியட்டும் தாயே என்று நினைத்துக்கொண்டேன். மஞ்சள் கயிற்றில் ஒரு வேப்பிலை வைத்து இறுக்கி முடிந்துவிட்டார்.

போசு பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். "மாமா! அது காப்பு மாமா. நேந்துக்கிட்டவங்க கட்டுறது. தேர் நிலைக்கு வந்து சேர்ற வரைக்கும் ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. பகல்ல எங்கிட்டு வேணா போகலாம், பொழுது சாய ஊருக்குள்ள வந்துறணும். கறி கிடையாது, சவரம் கிடையாது, பாய்லதான் படுக்கணும்."

"தெரியாம கட்டிக்கிட்டேன் மாப்ள. அவுத்துரலாம்ல?"

"அவுக்கவா?" அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சத்தமாச் சொல்லாதீக."

வீட்டுக்கு வந்தோம். பவளம் வாசலில் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருக்கிறாள். அவள் கையிலும் மஞ்சள் கயிறு. என் மணிக்கட்டைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். ஐம்பது நாளுக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு: "தெரிஞ்சுதான் கட்டுனீகளா?"

"தெரிஞ்சுதான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் சல்லடையைக் கீழே வைத்தாள். "சரி. எதுக்கு வந்திருக்கீகன்னு தெரியும். தேர் நிலைக்கு வந்து சேரட்டும். வாரேன், வரலைன்னு அன்னைக்குப் பதில் சொல்றேன். அதுவரைக்கும் ஒண்ணும் கேக்காதீக."

பதினைந்து நாள்! கட்டிய அரை மணி நேரத்திலேயே மணிக்கட்டு அரிக்கத் தொடங்கிவிட்டது.

ஏப்ரல் 29, புதன்

ஊரை ஐந்து தடவை சுற்றிவிட்டேன். தேரை வெளியே எடுத்து, சக்கரத்துக்கு எண்ணெய் விடுகிறார்கள். அதையும் நாலு தடவை பார்த்தாயிற்று.

மே 1, வெள்ளி

சுருளி அருவி. காலை பஸ்ஸில் போய், மத்தியானம் திரும்பிவிட்டேன். கோடையில் தண்ணீர் பாறையை நனைக்கும் அளவுக்குத்தான் இருந்தது. அதன் அடியில் முந்நூறு பேர் தலையைக் காட்ட நின்றார்கள். நான் காலை மட்டும் நனைத்துக்கொண்டு வந்தேன். மேலே ஒரு குகை இருக்கிறது, சித்தர் தவம் செய்ததாம். எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தார் என்று அங்கே திருநீறு கொடுத்தவரிடம் கேட்டேன். "எந்திரிச்சாத்தானே கணக்குச் சொல்ல முடியும்" என்றார்.

வரும்போது வழியில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் இறங்கி, பவளத்துக்குக் கருப்புத் திராட்சை வாங்கிவந்தேன். வாங்கிக்கொண்டாள். கழுவி எல்லாருக்கும் கொடுத்தாள். எனக்கும் ஒரு கிண்ணத்தில் வந்தது, விருந்தாளிக்கு வைப்பதுபோல.

மே 3, ஞாயிறு

வைகை அணை. பூங்காவின் ஒரு கரை, பிறகு சின்னப் பாலத்தைத் தாண்டி மறு கரை. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு குட்டி ரயில் சுற்றுகிறது. பெஞ்சில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றேன். எல்லாம் எங்கள் திருச்சி முக்கொம்பு மாதிரியே இருந்தது. அதே பூங்கா, அதே மதகு, அதே...

கடலையைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். தண்ணீர் சத்தம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

சாயங்காலம் பவளம் கேட்டாள், "இன்னைக்கு எங்க போயிட்டு வந்தீக?" அணை என்றேன். "அணையா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

மே 5, செவ்வாய்

எங்கும் போகவில்லை. போசு வீட்டு மீட்டரை நாலு தடவை பார்த்தேன். அரை யூனிட்கூட ஓடவில்லை. நாள் எப்படி ஓடும்?

மே 7, வியாழன்

இது நேற்றைய விஷயம். நேற்று எழுத முடியவில்லை.

குமுளிக்குப் போயிருந்தேன். தேக்கடியில் படகு விடுகிறார்கள், யானை தண்ணீர் குடிக்க வரும் என்றார்கள். யானை வரவில்லை, நாலு காட்டெருமைகள் வந்தன. படகை விட்டு இறங்கி, கடைத்தெருவில் ஏலக்காய் வாங்கினேன். மலைப்பாதையில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டதால் கீழே இறங்க பஸ் இல்லை. அங்கேயே ஒரு லாட்ஜில் தங்கும்படி ஆகிவிட்டது. ஊர் எல்லை என்ன, மாநில எல்லையையே தாண்டியாயிற்று.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் இறங்கி, எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டேன். மாடி அறையில் படுத்திருப்பேன், விடியற்காலம் எழுந்து நடக்கப் போயிருப்பேன் என்று போசு நினைத்துக்கொண்டான். நான் திருத்தவில்லை. பவளம் என் சட்டையை வாங்கித் துவைக்கப் போட்டாள். பையில் ஒன்றும் இல்லை. முதலிலேயே எல்லாவற்றையும் எடுத்து இந்த நோட்டுக்குள் வைத்துவிட்டேன்.

மே 9, சனி

போசு கட்டை போடுகிறவன். தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முன்னால் மரக்கட்டையைக் கொடுத்து நிறுத்துவதும், திருப்பத்தில் ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புவதும் அவர்கள் வேலை. அரை நொடி பிசகினால் கை போய்விடும். இன்று தேங்காய் எண்ணெய் தடவி அந்தக் கட்டைகளைத் துடைத்துக்கொண்டே பேசினான்.

"ஆறு வருசம் முந்தி மேலத்தெரு முக்குல தேர் நின்னுபோச்சு மாமா. என்னென்னமோ பண்ணியும் அசையல. கடைசில பாத்தா, காப்புக் கட்டுன ஒருத்தரு தேனில போயி ராத்தங்கிட்டு வந்திருக்காரு. ஆத்தா முன்னாடி வந்து அவரே ஒத்துக்கிட்டாரு. அப்புறம்தான் தேர் நகந்துச்சு."

"அது எப்படி மாப்ள? தேருக்கும் தேனிக்கும் என்ன சம்பந்தம்?"

"என்னயக் கேட்டா? நடந்ததச் சொன்னேன்."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. மின்சாரம் படித்தவன். ஆனால் அதன் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. பவளத்தின் வேண்டுதலும் இந்தத் தேரோடு கட்டிக் கிடக்கிறது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நேர்ந்துகொண்டாளாம், பிழைத்து வந்தால் வடம் பிடிக்கிறேன் என்று. போசு பெண்சாதி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

மே 12, செவ்வாய்

மத்தியானம் இரண்டு மணி. மேலத்தெரு முக்கு. மூடிக் கிடக்கும் ஒரு உரக்கடையின் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். தேர் நின்றுவிட்டது.

காலை ஒன்பதரைக்கு வெடி போட்டு இழுத்தார்கள். ஆயிரம் பேர் இருக்கும். பெண்கள் வடத்தில் பவளமும் நின்றாள். வயிற்றில் தையல் போட்ட உடம்பு, இழுக்காதே, தொட்டுக்கொண்டு மட்டும் நட என்று சொல்ல வாய் வந்தது. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று சும்மா இருந்தேன். தேர் அசைந்தபோது என்னை அறியாமல் கும்பிட்டுவிட்டேன். கீழத்தெரு, தெற்குத்தெரு இரண்டும் ஒரே ஓட்டம். பதினொன்றேகாலுக்கு இந்த முக்கில் திரும்பும்போது வலது பின்சக்கரம் இறங்கி நின்றது. போசும் ஆட்களும் கட்டை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பின்னால் இருந்து ஜேசிபி தள்ளிப் பார்த்தது. சக்கரம் முனகுகிறது, நகரவில்லை.

கூட்டத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "எவனோ காப்பக் கட்டிக்கிட்டு எங்கிட்டோ போயிட்டு வந்திருக்கான்." என் மணிக்கட்டு எரிகிறது. முழுக்கைச் சட்டை போட்டு வந்திருக்கலாம்.

மூன்று மணி. மோர்ப் பந்தல் வரைக்கும் போனேன். அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு தெரிந்தது. திருச்சி பஸ் நின்றுகொண்டிருந்தது. பொய் சொல்ல மாட்டேன், நாலு எட்டு வைத்தேன். அப்புறம் திரும்பி வந்துவிட்டேன். பவளம் இதே படியில் வந்து உட்கார்ந்திருந்தாள். வியர்வையில் முகம் வெளுத்திருந்தது. நானும் உட்கார்ந்தேன்.

பிறகு நடந்ததை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் மாற்றி எழுதிவிடுவேன்.

நோட்டுக்குள்ளிருந்து குமுளி லாட்ஜ் சீட்டை எடுத்து அவள் கையில் வைத்தேன். "தேர் என்னாலதான் நிக்குது. புதன்கிழமை நான் ஊர்ல இல்ல. குமுளில தங்கிட்டேன்."

சீட்டை அவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும். சட்டை பூராம் ஏலக்கா வாசம். விடியக்காலம் நடக்கப் போனவருக்கு ஏலக்கா எங்கிட்டிருந்து வந்துச்சு?"

"பஸ் இல்ல. லாரி குறுக்க..." என்று ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை. "பஸ் இருந்துச்சு பவளம். ரெண்டு பஸ்ஸ விட்டேன். தேர் நாள் கிட்ட வந்துக்கிட்டே இருந்துச்சு. நீ வரலைன்னு சொல்லிட்டா நான் எங்கிட்டுப் போறதுன்னு தெரியல. அதான் அங்கயே ஒக்காந்துட்டேன். காப்புகூடத் தெரியாமதான் கட்டுனேன். சின்ன வரிசைன்னு போயி நின்னேன்."

அவள் தேரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு?" என்றாள்.

எந்த அன்றைக்கு என்று கேட்டிருக்கலாம். முப்பத்திரண்டு வருஷமாக அப்படித்தான் தப்பித்திருக்கிறேன். இன்று கேட்கவில்லை.

"அன்னைக்கு முக்கொம்புக்குப் போனேன். மருந்துக் கடைக்குன்னுதான் எறங்கினேன். கைல மருந்துச் சீட்டு இருந்துச்சு. வாசல்ல முக்கொம்பு பஸ் வந்துச்சு, ஏறிட்டேன். பூங்கால ஒக்காந்து தண்ணியப் பாத்துக்கிட்டே இருந்தேன். நீ சட்டப் பைல பாத்தது அந்தப் பூங்கா டிக்கெட்டுதான். உன்னய உள்ள கூட்டிட்டுப் போறதப் பாக்கப் பயந்துட்டேன் பவளம். உள்ள போனா திரும்பி வரமாட்டியோன்னு பயந்துட்டேன்."

ஜேசிபிக்காரன் வண்டியை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்.

"ட்ராலியில படுக்க வச்சு, கையெழுத்துப் போட ஆள் வேணும்னாங்க. 'பவளக்கொடி கூட வந்தவங்க யாரு'ன்னு நர்சு கூப்புட்டுச்சு. மூணு தடவ. நானும் படுத்துக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தேன், இப்ப வருவீக, இப்ப வருவீகன்னு. மூணாவது தடவ நானே சொல்லிட்டேன், யாரும் வரலைம்மான்னு. பக்கத்துக் கட்டில்காரம்மாதான் போட்டுச்சு."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நீங்க பயந்தீக, பஸ்ஸேறிப் போயிட்டீக. நானுந்தான் பயந்தேன். நான் எங்கிட்டுப் போறது?"

அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். அறுபத்தொரு வயசில் உரக்கடைப் படியில் உட்கார்ந்து அழுதேன். போகிற வருகிறவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தேன். "எங்கிட்டு?" என்றாள். "பூசாரிகிட்டச் சொல்லப் போறேன். எம்மேல குத்தம்னு. சொன்னாத்தான் தேர் நகரும்னு போசு சொன்னான்."

அப்போதுதான் சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு, ஆனால் சிரிப்பு. "உங்களுக்காகவா தேர் நிக்கிது? ஆத்தாளுக்கு வேற வேலையில்ல பாருங்க. போன மாசம் தண்ணிக்குழா போடத் தோண்டிட்டு மண்ண மட்டும் தள்ளி மூடிட்டுப் போனாங்ய. சக்கரம் அதுல எறங்கிருச்சு. கல்லப் போட்டு நெரப்பணும். ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். மூன்றரையிலிருந்து ஆறரை வரை அதே படி. கால் மரத்துப்போனது. எழுந்திருக்கவில்லை. இரண்டு டிராக்டரில் கல் வந்தது. இருட்டிவிட்டதால் நாளைக் காலை இழுப்பது என்று முடிவாயிற்று.

மே 13, புதன்

காலை எட்டேகாலுக்குத் தேர் நகர்ந்தது. நான் யாரிடமும் ஒன்றும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் நகர்ந்தது. ஆண்கள் வடத்தில் நானும் ஒரு கை. உள்ளங்கையில் தோல் உரிந்துவிட்டது. மேலத்தெரு, வடக்குத்தெரு சுற்றி, பத்தே முக்காலுக்கு நிலைக்கு வந்து நின்றது. போசு கடைசிக் கட்டையைக் கொடுத்துவிட்டுத் தரையிலேயே மல்லாந்து படுத்துவிட்டான்.

பூசாரி காப்பு அவிழ்த்தார். என் முறை வந்தபோது, ஒரு ராத்திரி எல்லை தாண்டிவிட்டேன் என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அதுக்கும் சேத்துக் கும்புட்டுக்கங்க" என்று கயிற்றை அறுத்தார்.

வெளியே வந்ததும் பவளத்தின் முன்னால் போய் நின்றேன். கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதானே சொல்லியிருந்தாள்.

"நீங்க இன்னைக்குக் கெளம்புங்க" என்றாள். நான் செருப்பைத் தேடிக் குனிந்தேன்.

"இருபத்தஞ்சாந்தேதி எனக்கு ஸ்கேன். போசோட நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருவேன். அங்க வாங்க. நான் உள்ள இருக்கற வரைக்கும் வெளிய ஒக்காந்திருங்க. வெளிய வரும்போது நீங்க இருந்தா, வீட்டுச் சாவிய வாங்கிக்கிறேன், மத்தத அப்பறம் பேசிக்கலாம். இல்லேன்னா அப்படியே போசோட திரும்பிருவேன்."

"இருப்பேன்" என்றேன்.

"சொல்லாதீக. இருங்க."

மே 25, திங்கள்

7.40. ஆஸ்பத்திரி. ஸ்கேன் அறைக்கு வெளியே மூன்றாவது பெஞ்சு. டோக்கன் கொடுக்கவே எட்டரை ஆகும் என்றார்கள். பரவாயில்லை.

9.10. பவளம் வந்துவிட்டாள். நீலச் சேலை. என்னைப் பார்த்தாள். பேர் கூப்பிட்டதும் உள்ளே போனாள். கதவைச் சாத்தினார்கள். இதே மாதிரிதான் அந்த ஆபரேஷன் அறைக் கதவும் இருந்திருக்கும். அன்று நான் பார்க்கவில்லை.

9.35. போசு டீ குடிக்கக் கூப்பிட்டான். நீ போ மாப்ள என்றேன்.

10.05. வாசலில் பஸ் சத்தம் கேட்கிறது. கால் தானாக ஆடுகிறது. கையால் பிடித்துக்கொண்டேன். உள்ளே போன ஒருவரும் இன்னும் வெளியே வரவில்லை. பயமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்: பயமாக இருக்கிறது.

10.25. மூத்திரம் முட்டுகிறது. போசு இன்னும் வரவில்லை. இந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டால்? அடக்கிக்கொண்டேன்.

10.40. கதவு பாதி திறந்து ஒரு நர்சு தலையை நீட்டினாள். "பவளக்கொடி கூட வந்தவங்க..."

யாரு என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் எழுந்துவிட்டேன். "நான்! நான் இருக்கேன்!" என்று கத்திவிட்டேன். தாழ்வாரம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மடியிலிருந்த நோட்டு எங்கோ போய் விழுந்தது, அந்தம்மாதான் எடுத்துக் கொடுத்தாள். "ஒரு கையெழுத்துத்தான் ஐயா, எதுக்கு இந்தச் சத்தம்?" என்றாள்.

கதவுக்கு உள்ளே பவளம் சிரிப்பது கேட்டது.